பன்னீர்த்துணி

கட்டுக்காரம்மாவுக்குப் பொழுது விடிவதே சின்னவரின் இடது தொடையில்தான். கோட்டையில் மற்றவர்கள் முகம் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் வெந்நீர்ச் சட்டியும் உப்பும் வெள்ளைத்துணியுமாக அவர் அறைக்குள் நுழைவாள். சின்னவர் கட்டிலில் சாய்ந்து, உடுப்பை இடுப்புவரை ஏற்றிவிட்டு, யாரோ தன்னைப் படம் வரைகிறார்கள் என்பதுபோல முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருப்பார். அவள் பழைய கட்டை அவிழ்ப்பாள். புண்ணின் ஓரங்களில் புதிதாகப் படர்ந்திருக்கும் இளஞ்சிவப்புத் தோலை, கிளிமூக்குப் பிடி வைத்த வெள்ளிச் சுரண்டியால் சுரண்டி எடுப்பாள். ரத்தம் துளிர்த்தால் அன்றைய வேலை முடிந்தது.

ஊர் உலகத்தில் கட்டுப் போடுகிறவர்கள் புண்ணை ஆற்றுவார்கள். இவள் மூன்று வருடமாக ஒரு புண்ணை ஆறவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அந்தக் கல்லால் வந்த வினை. பெரிய கூடத்தின் வாசல் நிலைக்கு மேலே, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு சாமியார் சொன்ன வாக்கு என்று ஒன்றைச் செதுக்கி வைத்திருந்தார்கள். இந்த வீட்டில் ஆறாத புண்ணோடு ஒருவர் வருவார், அன்று ஏழு கோட்டைகளும் அவர் முன்னால் மண்டியிடும் என்று அதில் இருந்தது. ஏழு கோட்டைகளில் இதுதான் சின்னது, இதுதான் ஏழை. மழை வந்தால் கூடத்தில் பன்னிரண்டு பாத்திரங்களை ஒழுகும் இடம் பார்த்து வைக்க வேண்டும். அந்தக் கல்லை வவ்வால்களைத் தவிர யாரும் அதுவரை சட்டை செய்ததில்லை.

பதினேழாவது வயதில் சின்னவர் வேட்டைக்குப் போய், காட்டுப்பன்றியிடம் தொடையைக் கொடுத்துவிட்டு வந்தார். காயம் ஆற மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதமும் படுத்துக்கொண்டு, வேறு வேலை இல்லாததால், கல்லைப் பற்றி யோசித்தார். ஆறி முடியப்போகிற நேரத்தில் ஒருநாள் தன் நகத்தாலேயே அதைக் கிழித்துவிட்டு, "அம்மா, இது ஆறவே மாட்டேங்குது" என்று கூப்பிட்டார். அம்மா வந்தாள். கணவன் போனபிறகு கோட்டையைத் தனியாளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவள். எல்லோரும் அவளைக் கோட்டையம்மா என்பார்கள். அவள் புண்ணைப் பார்த்தாள். மகனின் நகக்கண்ணில் ரத்தம் இருந்ததையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, வவ்வால்களை விரட்டிக் கல்லைக் கழுவச் சொன்னாள்.

அதிலிருந்து மாதம் ஒருமுறை, முழுநிலா நாளன்று பகலில், மற்ற ஆறு கோட்டைகளின் பெரியவர்களும் வந்து புண்ணைப் பார்ப்பது வழக்கமானது. வரிசையாக வந்து, குனிந்து, முகர்ந்து, "மணக்கிறது" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். முதலில் சொன்னவர் ஒரு கிழட்டு ஜால்ரா. அவர் சொல்லிவிட்ட பிறகு இரண்டாமவர் வேறென்ன சொல்ல முடியும்? மூன்று நான்கு மாதத்தில் அது சட்டமாகிவிட்டது. வீட்டுக்குள் யாரும் சீழ் என்று சொல்லக்கூடாது, பன்னீர். சுரண்டுவது என்று சொல்லக்கூடாது, பூப்பறிப்பு. அழுக்குக் கட்டுத்துணிக்குப் பன்னீர்த்துணி என்று பெயர். நாறுது என்ற சொல்லை மீன் விற்க வந்தவன்கூட வாசலுக்கு வெளியேதான் சொல்ல வேண்டும்.

"இன்னைக்குப் பன்னீர்த்துணி நாலு போட்டிருக்கீங்க" என்பாள் சலவைக்காரி, இரண்டு விரலால் துணியின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி. "எங்க வீட்டுக்காரருக்கு என் கை பக்கத்துல வந்தாலே சோறு இறங்க மாட்டேங்குது. இவ்வளவு மணம் அவருக்கு ஒத்துக்கல போல."

கட்டுக்காரம்மா சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கையை மறுபடி கழுவப் போவாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவினாலும் அவளுக்குத் திருப்தி இல்லை. புண்ணை அவள் அருவருக்கவில்லை. இருபத்தைந்து வருடத்தில் அதைவிட மோசமானதையெல்லாம் பார்த்தவள். அவளைக் குமட்டச் செய்தது அந்த இளஞ்சிவப்புத் தோல்தான். நேற்று அவள் அவ்வளவு சுரண்டியும் இன்று மறுபடி வந்து நிற்கும், பால்குடி மாறாத தோல். அந்த உடம்பு பிழைக்கப் பார்த்தது. அவள் தினமும் அதன் வாயில் அடித்தாள்.

முதல் நாள் முடியாது என்றுதான் சொன்னாள். "நீ செய்யலேன்னா அவனே செஞ்சுக்குவான். அழுகிச் செத்துப்போவான். அது பரவாயில்லையா உனக்கு?" என்று கோட்டையம்மா கேட்டாள். சுரண்டியை வாங்கிக்கொண்டாள். ஆறவும் கூடாது, அழுகவும் கூடாது என்றால் அது லேசுப்பட்ட வேலை இல்லை. ஓரத்தை மட்டும் தொட வேண்டும், ஆழம் போகக்கூடாது, சுரண்டியைக் கொதிக்கிற நீரில் நூறு எண்ணும்வரை போட்டு எடுக்க வேண்டும். மூன்று வருடத்தில் ஒருநாள்கூடச் சின்னவருக்குக் காய்ச்சல் வந்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் அவளுக்கே தன்மேல் காறித் துப்பலாம் போலிருக்கும்.

சின்னவருக்கு ஒரு தங்கை. ஒன்பது வயது. எப்போதும் தத்திக்கொண்டே இருப்பதால் சிட்டு என்று பெயர். அவள் ஒருநாள் மதிலிலிருந்து குதித்து, உடைந்த ஓட்டின்மேல் முட்டியை வைத்தாள். பெரிய காயமில்லை, பத்து நாளில் பொருக்குத் தட்டி உதிர வேண்டியது. கட்டுக்காரம்மா கழுவி, தேன் தடவி, கட்டுப் போட்டாள். பத்து நாள் இருபது நாளாயிற்று, இருபது முப்பத்தைந்தாயிற்று. கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் புண் அன்றைக்குத்தான் பட்டதுபோலப் பச்சையாகச் சிரித்தது. அவள் தேனை மாற்றினாள், துணியை மாற்றினாள், குழந்தையின் சாப்பாட்டை மாற்றினாள். கைராசிக்காரி என்று பெயரெடுத்தவளுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தக் குழப்பத்தில் அவளுடைய சுரண்டி ஒன்று காணாமல் போயிருந்ததைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டில் ஒன்று சலவைத்துணியோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

முப்பத்தாறாம் நாள் சின்னவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் கோட்டையம்மாவும் இருந்தாள், ஜன்னலோரத்தில் ஒரு புது ஆளும் இருந்தார். எலும்பு அறுப்பவர். ஊரில் அவரை ரம்பக்காரர் என்பார்கள். கையில் ஒரு ரம்பம், வாயில் ஒரு ரம்பம், எது அதிகம் வலிக்கும் என்று சொல்ல முடியாது.

"சிட்டு முட்டி எப்படி இருக்கு?" என்றார் சின்னவர்.

"ஆறிட்டு வருதுங்க."

"பொய் சொல்லாத. சலவைக்காரியைக் கூப்பிட்டுத் துணியைப் பாத்தாச்சு. அஞ்சு வாரமா ஆறல." சின்னவர் தொடைக்கட்டைத் தடவிக்கொண்டார். "வர்ற முழுநிலாவுக்கு மூணு வருஷம் முடியுது. ஆறு கோட்டைக்காரங்களும் மண்டியிட்டுச் சத்தியம் பண்ண ஒத்துக்கிட்டாங்க. இன்னும் ஒம்போது நாள்தான். இந்த நேரத்துல ஒரே வீட்டுல ஆறாத புண்ணு ரெண்டு இருக்கலாமா?"

"அது குழந்தைங்க. ஒம்போது வயசு."

"கல்லுல வயசு போட்டிருக்கா? ஆணா பொண்ணான்னு போட்டிருக்கா? நாளைக்கு எவனாவது அவளைத் தூக்கி உக்கார வச்சு இவதான்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்?"

கட்டுக்காரம்மா கோட்டையம்மாவைப் பார்த்தாள். கோட்டையம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு நாள் தர்றேன். ஆத்திடு. ஆறலேன்னா இவர் பாத்துக்குவார். கால் இருந்தாத்தானே புண்ணு இருக்கும்."

"முட்டிக்கு மேலேன்னா ரொம்பச் சுலபம்" என்று ரம்பக்காரர் உற்சாகமாக ஆரம்பித்தார். "போன மாசம் ஒருத்தருக்குப் பண்ணினேன். பேசிக்கிட்டே இருந்தேனா, அவருக்கு எடுத்ததே தெரியல. முடிஞ்சு எழுந்திருக்கப் பாத்தப்பதான் தெரிஞ்சுது."

கட்டுக்காரம்மா சின்னவரின் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பையன் பல்முளைத்த காலத்தில் ஈறில் தேன் தடவியவள் அவள். அவனுக்கு இவ்வளவு அழகான கண்கள் இருப்பது அன்று அவளுக்கு அசிங்கமாகப் பட்டது.

"அப்ப நான் சிட்டு கூடவேதாங்க இருக்கணும். உங்களுக்கு யாரு பாப்பாங்க?"

"நானே பாத்துக்குவேன். மூணு வருஷமாப் பாக்கறேன், இதுல என்ன பெரிய வித்தை?"

"சுரண்டியைத் தண்ணி கொதிக்கக் கொதிக்கப் போட்டு எடுக்கணும். நூறு எண்ணணும். ஓரம் மட்டும்தான். உள்ள போகவே கூடாது."

அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டுவிட்டார்.

அன்றே அவள் சிட்டுவின் அறைக்குப் பாயும் பெட்டியுமாகக் குடிபோனாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து, தூங்குகிறவள்போலக் குறட்டைவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சிட்டு எழுந்து உட்கார்ந்தாள். துணிப்பொம்மையின் வயிற்றுக்குள் விரலைவிட்டு எதையோ எடுத்தாள். கிளிமூக்குப் பிடி பளபளத்தது. கட்டை நாசூக்காக, பழகிய கையாக அவிழ்த்தாள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தாள். முடித்ததும் குனிந்து முகர்ந்து, "மணக்கிறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கட்டுக்காரம்மா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கையும் களவுமாக அகப்பட்டும் சிட்டு திருதிருவென விழிக்கவில்லை. கோபமாகத்தான் பார்த்தாள்.

"விடு கட்டம்மா. எனக்கு வலிக்கல."

"எதுக்குடி கண்ணு இப்படிப் பண்ற?"

"நானும் ராணி ஆகப்போறேன். அண்ணனுக்கு மட்டும் எல்லாரும் வர்றாங்க, குனியறாங்க. அம்மா தினமும் அண்ணன் ரூம்லதான் உக்காந்திருக்காங்க. முட்டியில அடிபட்ட அன்னைக்குத்தான் இங்க வந்தாங்க." சிட்டு கொஞ்சம் யோசித்தாள். "நான் ராணி ஆனா உனக்கும் ஒரு கோட்டை தர்றேன். ஒழுகாத கோட்டை."

"யாரு சொல்லிக் குடுத்தா இதை?"

"யாரும் சொல்லல. நீ அண்ணனுக்குப் பண்றதைக் கதவு சந்துல பாத்துக் கத்துக்கிட்டேன்."

அந்த வார்த்தை கட்டுக்காரம்மாவின் நெஞ்சில் நேராகப் போய் இறங்கியது. ஐந்து வாரமாகத் தேனையும் துணியையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில் தன் கைவேலையைத்தான் எதிரில் பார்த்துக்கொண்டிருந்தாள். சுரண்டின அளவுகூடச் சரியாக இருந்தது, ஓரம் மட்டும், ஆழம் போகாமல். நல்ல மாணவி.

ரம்பக்காரரைப் பற்றிச் சொன்னாள். சிட்டு நம்பவில்லை. "அம்மா விடமாட்டாங்க" என்றாள். கோட்டையம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கட்டுக்காரம்மாவால் அந்தக் குழந்தையிடம் சொல்ல முடியவில்லை.

பேசிப் பிரயோசனமில்லை என்று தெரிந்தது. சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்து, துணியை அதில் தோய்த்து, முறிந்த எலும்புக்குக் கட்டுகிற கட்டைத் தயார் செய்தாள். புண்ணைக் கழுவித் தேன்துணி வைத்து, அதன்மேல் தொடையிலிருந்து கணுக்கால்வரை சுற்றினாள். சிட்டு கத்தினாள், உதைத்தாள், கட்டுக்காரம்மாவின் தோளில் பல் பதியக் கடித்தாள். சாயங்காலத்துக்குள் கட்டு காய்ந்து மரக்கட்டையாகிவிட்டது. சுரண்டி என்ன, உளி வைத்தாலும் உள்ளே போகாது. அதன்பிறகு ஆறு நாள் அந்தக் குழந்தை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எட்டாம் நாள் காலை கோட்டையம்மா முன்னிலையில் கட்டை உடைத்தாள். உள்ளே முட்டி சுருங்கி வெளுத்திருந்தது. புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்புத் தோல், மெழுகுபோல, முழுசாக. மூன்று வருடமாக எதிரியாகப் பார்த்த தோலை அன்றுதான் கட்டுக்காரம்மா ஆசைதீரப் பார்த்தாள். கோட்டையம்மா கட்டை விரலால் அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

"இனி அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்கும் எல்லாம் கூடி வருது. முகத்துல என்ன தேஜஸ் தெரியுமா? உடம்பு அப்படியே கனலுது. தொட்டா சுடுது" என்றாள்.

கட்டுக்காரம்மா உடைத்த கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

மாடிப்படியிலேயே தெரிந்துவிட்டது. பெட்டிக்கு அடியில் எலி செத்து நாலு நாளானால் வருமே, அந்த இனிப்புக் கலந்த வாடை. அறைக்குள் ஜன்னல்களைச் சாத்தி, நாலு மூலையிலும் வாசனைப்புகை போட்டிருந்தார்கள். புகையும் வாடையும் சேர்ந்து நாக்கில் வந்து ஒட்டியது. சின்னவர் கட்டிலில் வாயெல்லாம் பல்லாகப் படுத்திருந்தார். கண்கள் பளபளத்தன. தொடையைத் திறந்து காட்டினார்.

முன்பு மூன்று விரல் அகலமாக இருந்த புண் இப்போது ஒரு கையகலம் இருந்தது. ஆழம் சொல்ல முடியாது. ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் பச்சையும் சாம்பலுமாகக் கொழகொழத்து, அமுக்காமலே வழிந்தது. அங்கிருந்து ஒரு சிவப்புக் கோடு இடுப்பை நோக்கி ஏறியிருந்தது. பக்கத்துத் தட்டில் சுரண்டி கிடந்தது. அதன் நுனியில் எட்டு நாள் அழுக்கு பொருக்காகக் காய்ந்திருந்தது.

"இதைக் கொதிக்க வைக்கவே இல்லையா?"

"வேக வச்சா சக்தி போயிடும்னு தோணிச்சு" என்றார் சின்னவர். "நீ மேலோட்டமா மேஞ்சுக்கிட்டிருந்த. நான் ஆழத்துக்குப் போனேன். பாரு, எப்படி மலர்ந்திருக்கு."

கட்டுக்காரம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். "இது அழுகிப்போச்சுங்க" என்றாள். அந்த வீட்டில் அந்தச் சொல்லை மூன்று வருடத்தில் யாரும் சொன்னதில்லை. "ரம்பக்காரர் இங்கதான் இருக்கார். இன்னைக்கே காலை எடுத்தா உயிராவது மிஞ்சும்."

சின்னவர் சிரித்தார். "கால் போச்சுன்னா புண்ணு எங்க இருக்கும்?"

கட்டுக்காரம்மா, தன் பின்னாலேயே மூச்சிரைக்க வந்து நின்ற கோட்டையம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க குனிஞ்சு மோந்து பாருங்கம்மா. பெத்தவங்க நீங்க. சும்மா பாருங்க."

கோட்டையம்மா குனிந்தாள். குனிந்தவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது.

"மணக்கிறது" என்றாள்.

கட்டுக்காரம்மா ரம்பக்காரரைத் தேடிச் சமையலறைக்கு ஓடினாள். அவர் வாய் நிறையச் சாப்பாட்டோடு, அவர்களாகக் கூப்பிடாமல் தன்னால் மாடி ஏற முடியாது என்றார். வாழ்க்கையிலேயே அவர் சுருக்கமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் ஆறு கோட்டைப் பெரியவர்களும் வந்தார்கள். சின்னவரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிவந்து கூடத்தில், கல்லுக்கு நேர் கீழே வைத்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். ஒருவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மூச்சை அடக்கி அடக்கி நீலம் பாரித்துப்போனார். கிழட்டு ஜால்ரா முகர்ந்தவர் ஓங்கரித்து, அதை அப்படியே இருமலாக மாற்றி, "ரொம்ப மணக்கிறது" என்றார். எல்லோரும் மண்டியிட்டுச் சத்தியம் செய்தார்கள். ஈ மொய்த்தது. கட்டுக்காரம்மா தூணோரத்தில் நின்று, படித்த மனிதர்கள் ஆறு பேர் ஒரு பிணவாடைக்கு முன்னால் பட்டுத்துணியை மடித்து மண்டியிடுவதைப் பார்த்தாள். இவர்களைத் தொட்ட கையால் இனிச் சாப்பிட முடியாது என்று நினைத்தாள். பிறகு, அந்தப் புண்ணை மூன்று வருடம் வளர்த்துக் கொடுத்தவள் யார் என்பதும் நினைவுக்கு வந்தது.

ஆக, கல்லில் இருந்த வாக்கு எழுத்துப் பிசகாமல் பலித்தது. ஒன்றரை நாள் பலித்தது. அதற்கடுத்த விடியலில் சின்னவர் காய்ச்சலில் யாருக்கோ உத்தரவு போட்டபடியே செத்துப்போனார்.

வெயில் ஏறியதும் கட்டுக்காரம்மாவைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். உடம்பைக் கழுவிக் கிடத்தத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வெந்நீரோடு போனாள். பெரியவர்கள் ஆறு பேரும் ஊர் திரும்பாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மண்டியிட்டாயிற்று, சத்தியம் செய்தாயிற்று. செய்தது முட்டாள்தனம் என்று போய் ஊரில் சொல்ல முடியுமா? கோட்டையம்மாவின் முகம் வீங்கியிருந்தது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"எங்க எல்லாருக்கும் ஒரு விஷயம் புரிஞ்சுது" என்றாள். "கல்லு சொன்னது அவனை இல்ல. அவனுக்கு நகத்தால வந்தது. இவளுக்குத் தானா வந்தது. அஞ்சு வாரம் ஆறாம இருந்துச்சே, நீதானே அதை வலுக்கட்டாயமா ஆத்தின?"

அப்போதுதான் கட்டுக்காரம்மா கவனித்தாள். நாற்காலியில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். உடுப்பைத் தொடைவரை ஏற்றி, வெளுத்த முட்டியை முன்னால் நீட்டி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். முக்காலியில் ஒரு தட்டு. தட்டில் சுரண்டி, தேய்த்துக் கழுவி வைத்திருந்தது.

"திறந்து விடு" என்றாள் கோட்டையம்மா. "உன் கைன்னா அழுகாது. மூணு வருஷம் பாத்தேனே. நீ மாட்டேன்னா இவரை விட்டுத்தான் பண்ணணும்." மூலையில் ரம்பக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அதே பேரம். அன்றைக்கு அவள் சுரண்டியை வாங்கிக்கொண்டாள். இன்று அவள் பதில் சொல்லவும் நிற்கவில்லை. வெந்நீர்ச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, சிட்டுவின் கையைப் பிடித்து நாற்காலியிலிருந்து இறக்கினாள்.

"வா கண்ணு. அண்ணனைப் பாத்துட்டு வந்துடலாம்."

யாருக்கும் அதைத் தடுக்கத் தோன்றவில்லை. பக்கத்து அறைதான். பெரிய மேசைமேல் வெள்ளைத்துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். புகை அணைந்து வெகுநேரமாகியிருந்தது. கட்டுக்காரம்மா இடது தொடைப் பக்கத்துத் துணியை மட்டும் ஒதுக்கினாள். ஈக்கள் எழுந்து மறுபடி உட்கார்ந்தன.

"மோந்து பாரு."

சிட்டு எட்ட நின்றபடியே லேசாகக் குனிந்தாள். "மணக்கிறது" என்றாள், பாடம் ஒப்பிக்கிறதுபோல.

"அங்கிருந்து இல்ல. கிட்டப் போ. வாயை மூடிக்க. மூக்கால இழு."

"எனக்குப் பயமா இருக்கு கட்டம்மா."

"எனக்கும்தான். நானும் மோக்கறேன், வா."

இரண்டு பேரும் குனிந்தார்கள். சிட்டு மூச்சை இழுத்தாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு மூக்கு சுருங்கியது, உதடு கோணியது, கழுத்து பின்னுக்கு இழுத்தது. கட்டுக்காரம்மா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைக்குக் கசப்பு மருந்து கொடுத்தால் வருகிற முகம். யாரும் சொல்லித்தராத முகம்.

"கட்டம்மா" என்றாள் சிட்டு மெதுவாக. "நாறுது."

"சத்தமாச் சொல்லு."

"நாறுது. அண்ணன் நாறுது. அம்மா, அண்ணன் நாறுது." அது கூடம்வரை கேட்டது. சொல்லி முடிக்கும் முன்பே குழந்தைக்குக் குடலைப் பிரட்டிக்கொண்டு வந்துவிட்டது. கட்டுக்காரம்மாவின் மார்பிலும் மடியிலும் கொட்டினாள். கட்டுக்காரம்மா நகரவில்லை. மூன்று வருடத்தில் அந்த வீட்டில் அவள்மேல் பட்டதிலேயே அதுதான் சுத்தமானது என்று அவளுக்குப் பட்டது. சிட்டு அழுதுகொண்டே உடுப்பை இரண்டு கையாலும் முட்டிக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

"எனக்கு வேணாம். எனக்கு இது வேணாம்."

கோட்டையம்மா சுரண்டித் தட்டோடு வாசலில் வந்து நின்றிருந்தாள். மகளைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். மூச்சு விடத்தானே வேண்டும், விட்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தனை நாளா இப்படி நாறுது?" என்றாள், கைக்குள்ளிருந்து.

"மூணு வருஷமா நாறுதும்மா" என்றாள் கட்டுக்காரம்மா. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்தாள்.